வள்ளம் ஏறிய அம்பாசடர்

அக்கா,

இன்று காலை பட்டறைக்கு வந்த ஒரு காரின் டிக்கியைத் திறந்தேன். கருவாட்டு வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே கருவாடு எதுவும் இல்லை. என்றைக்கோ ஏற்றிக்கொண்டு போனதன் வாசம் கீழே விரித்திருந்த துணியில் தங்கியிருந்தது. வண்டிக்காரர் கூச்சப்பட்டு ஏதோ சொன்னார். நான் டிக்கியை மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். டீசல் வாசமும் கருவாட்டு வாசமும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது. நீங்கள் போய் ஒரு கச்சான் காற்றுக் காலம் வந்து முடிந்தும்விட்டது. உங்களிடம் பேச வேண்டியதை யாரிடம் பேச? அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேரன்மகாதேவியில் ஆற்றில் முங்கி வளர்ந்தவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் தொழில் படித்துவிட்டு, வள்ளியூர்ச் சந்தைக்கு எதிரே ஓலைக் கொட்டகை போட்டுக் கார் வேலை பார்க்க ஆரம்பித்திருந்தேன். நீங்கள் உவரியிலிருந்து மீன் கூடையோடு வருவீர்கள். விற்று முடித்து, திரும்பிப் போகிற பஸ் வரும்வரை என் கொட்டகை ஓரத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பீர்கள். கூடை நாறுகிறது என்று சில கண்டக்டர்கள் உங்களை ஏற்றாமலே போய்விடுவார்கள். நீங்கள் ஏசமாட்டீர்கள். அடுத்த வண்டி வரும் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பீர்கள். மீன்காரியை அங்கே உட்காரவிட்டால் வாடிக்கை வராது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். என் கொட்டகையே டீசலும் கிரீஸும் நாறுகிற இடம். அதில் யாரை நான் எழுந்துபோகச் சொல்ல?

களக்காட்டுக்காரர் ஒருவரின் டாக்சி அப்போது என்னிடம் கிடந்தது. டீசல் அம்பாசடர். லாரி மோதி உடம்பு முழுவதும் நசுங்கிவிட்டது. எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அவர் வண்டியைத் தலைமுழுகிவிட்டு எஞ்சினை என்னிடமே விட்டுவிட்டார். அதைக் கழற்றி ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் காலிக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். சக்கரமும் இல்லாமல் வண்டியும் இல்லாமல் அது தனியாக நின்று ஓடுவதை ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"இது தரையிலதான் ஓடணும்னு இருக்கா தம்பி?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் உங்கள் வள்ளத்தைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்தபின், அவருடைய தம்பி மிக்கேலும் இன்னும் மூன்று பேரும் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பலகை அடித்துச் செய்த, பாய் விரித்து ஓடுகிற வள்ளம். மேற்கேயிருந்து கச்சான் வீச ஆரம்பித்துவிட்டால், போனவர்கள் காற்றை எதிர்த்துக் கரைசேர மதியமாகிவிடும். மீன் ஏற்றுகிற வேன் அதற்குள் கிளம்பியிருக்கும். பிறகு பிடித்ததையெல்லாம் உப்பில் போட வேண்டியதுதான். மிக்கேலைத் தூத்துக்குடியில் விசைப்படகில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். வள்ளத்தை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. உங்கள் அம்மாவும் அதையே சொன்னார்கள்.

"வித்துட்டா நான் மீன் விக்கிற பொம்பள, அவ்வளவுதான். அது கெடக்குற வரைக்கும் நான் வள்ளக்காரி" என்றீர்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டபிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரையில் ஓடுகிற வண்டியைத்தான் எனக்குத் தெரியும், கடல் வேலை நான் பார்த்ததில்லை என்றேன். வந்து பார்க்கிறதுக்கு என்ன என்றீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உவரிக்கு வந்தேன். கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்தும் படுத்தும் அளந்தேன். மிக்கேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவனாக இருப்பான். மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவனுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"கார் எஞ்சினுக்கு உப்பு ஆகாது வே. தின்னுரும்" என்றான். பிறகு அண்ணியான உங்கள் பக்கம் திரும்பாமலே, "மைனி சொல்லுதாங்க. கச்சான் பொறக்குற வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல என்னால இருக்க முடியாது" என்றான்.

அந்த வேலையில் இறங்கியபிறகுதான் எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று புரிந்தது. எஞ்சினை உட்காரவைக்க வள்ளத்தின் அடியில் இரண்டு தடித்த மர உத்திரங்களை உங்கள் ஊர் ஆசாரி இழைத்துப் பொருத்தினார். காரின் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டோம். காலால் மிதிக்கிற கிளட்சைக் கையால் இழுக்கிற மாதிரி மாற்றினேன். கியர்பாக்ஸிலிருந்து வள்ளத்தின் பின்பக்கம் வழியாகத் தண்ணீருக்குள் போகிற தண்டை வள்ளியூர் லேத்துக்கார அண்ணாச்சி கடைந்து கொடுத்தார். அதன் நுனியில்தான் விசிறி. தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளினால், தண்ணீர் விசிறியை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளு நேராகப் போய்க் கியர்பாக்ஸில் அல்லவா முட்டும்? நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரில் அப்படி ஒரு தொல்லையே கிடையாது. கடைசியில் லாரிச் சக்கரத்துப் பேரிங் ஒன்றை நடுவில் வைத்து, அந்தத் தள்ளு முழுவதையும் மர உத்திரம் தாங்குகிற மாதிரிச் செய்தோம். அன்றைக்கு அண்ணாச்சி முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ டிராக்டருக்குத் தண்டு கடைந்தவர், கடலுக்குக் கடைந்தது அதுதான் முதல் தடவை.

சூட்டைத் தணிப்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிரவைக்கும். வள்ளத்தின் அடிவயிற்றில் காற்று ஏது? கடல் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினுக்குள் சுற்றவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் மிக்கேல் சொன்னதுதான் நடக்கும்; உப்பு உள்ளிருந்தே தின்றுவிடும். நீங்கள் ஒருநாள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையை உங்களிடம் புலம்பினேன். உங்களுக்குப் புரியுமா என்றுகூட யோசிக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் டீயை ஊதிக்கொண்டே கேட்டீர்கள்: "பச்சப்பிள்ளைக்குப் பால ஆத்தணும்னா என்ன செய்வோம்? பால்ல பச்சத்தண்ணியவா ஊத்துவோம்? டம்ளரத் தூக்கித் தண்ணிக்குள்ள வெப்போம்லா?"

நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒரு செம்புக் குழாய் வழியாக வெளியே போய், வள்ளத்தின் அடியில் கடலுக்குள் நீளமாக ஓடி, குளிர்ந்து, மறுபடி உள்ளே வர வேண்டியது. கடல் வெளியேதான் இருக்கும். உள்ளே ஒரு சொட்டு வராது. மணலில் உரசாமல் இருக்க அந்தக் குழாயின் பக்கத்தில் ஆசாரி ஒரு மரச்சட்டம் அடித்தார். வள்ளியூர்க் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் சட்டியில் வெள்ளையாகப் படியும். எஞ்சினுக்கு அது ஆகாது. அதனால் ஊருக்குப் போனபோது ஆற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தாமிரபரணித் தண்ணீர் என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். அது எப்படியும் கடலுக்கு வருகிற தண்ணீர்தானே, இந்தக் கேன் மட்டும் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறது என்றீர்கள்.

விசிறியைத் தூத்துக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்தேன். நல்ல வெண்கல விசிறி, மூன்று இலை. எல்லாம் பூட்டி முடித்து, வள்ளத்தைக் கடலில் இறக்கி, அலை உடைகிற இடத்தைத் தாண்டி நங்கூரம் போட்டு நிறுத்தினோம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். நான் யாருக்கும் தெரியாமல் எஞ்சின் ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். மிக்கேலுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கரையில் ஊரே கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நின்றீர்கள்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து கைதட்டல் கேட்டது. நங்கூரத்தை எடுத்தார்கள். மிக்கேல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தலையை அசைத்தான். முதல் கியரைப் போட்டு கிளட்சைப் பைய விட்டேன். வள்ளம் ஒரு நடுக்கம் நடுங்கி நகர்ந்தது. பின்பக்கமாக நகர்ந்தது, அக்கா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. கியர் மாறி விழுந்துவிட்டதோ என்று மறுபடி போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கடலைப் பார்த்துக்கொண்டே நாங்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தோம். அப்புறம்தான் தெரிந்தது. கார் எஞ்சின் சுற்றுகிற திசைக்கு அந்த விசிறியின் இலைகள் நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. ரிவர்ஸ் கியரைப் போட்டேன். வள்ளம் முன்னால் போனது; ஆனால் எஞ்சின் அலறிய அலறலுக்கு, பக்கத்தில் ஒருவர் நீந்தியிருந்தால் எங்களை முந்தியிருப்பார். பின்னால் ஒரு சிவப்பு லைட்டு மாட்டுங்கடே என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார். ஊர் முழுக்கச் சிரித்தது. மிக்கேல் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கரைக்கு வந்து உங்கள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். நீங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"என் புருசன் செத்ததுக்குப் பொறவு இந்த வள்ளம் ஒரு நாளும் இவ்ளோ பெலமா நகரல. பெலம் இருக்குல்லா? திருப்பி விடுறது உன் வேல."

வள்ளியூருக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஒரு பேச்சால்தான் வரவில்லை.

எதிர்ப்பக்கம் சாய்ந்த விசிறி தூத்துக்குடியில் எங்கே தேடியும் அகப்படவில்லை. அப்போதுதான் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கம் குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்க்கிற கன்னார் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஆசாரி மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார், இலைகளை மறுபக்கம் சாய்த்து. அந்த மாதிரியையும் பழைய விசிறியையும் சாக்கில் கட்டிக் கன்னாரிடம் கொண்டுபோனேன். உருக்கி வார்த்துவிடலாம், ஆனால் உலோகம் கொஞ்சம் குறையும் என்றார். உங்களிடம் வந்து சொன்னதும் வீட்டுக்குள் போய் ஒரு வெண்கலப் பானையை எடுத்து வந்தீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு உங்கள் அம்மா கொடுத்தது. வேண்டாம், வேறு எங்கேயாவது பார்க்கிறேன் என்றேன். பொங்கிப் போட ஈயச்சட்டி போதும் என்று சொல்லி அதை என் கையில் திணித்தீர்கள். கன்னார் அந்தப் பானையைத் தட்டிப் பார்த்து, நல்ல உலோகம் என்று தலையாட்டினார். கோயில் மணி வார்க்கிற அதே குழியில் உங்கள் விசிறி பிறந்தது.

இரண்டாம் தடவை கரையில் அவ்வளவு கூட்டம் இல்லை. கட்டுமரத்தில் வள்ளத்துக்குப் போகக் கிளம்பியபோது நீங்களும் வந்து ஏறினீர்கள். பொம்பளை கடலுக்கு வரக்கூடாது என்று ஒரு வயதானவர் சொன்னார். மிக்கேலும் தயங்கினான். வேண்டாம் மைனி, நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றான்.

"ஓட்டுறது நீ. எஞ்சினப் பாக்குறது தம்பி. வள்ளம் யாருது?" என்று கேட்டீர்கள்.

மிக்கேல் கட்டுமரத்தைத் தள்ளினான். நீங்கள் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் போய் உட்கார்ந்தீர்கள். முகம் கடலைப் பார்த்து இருந்தது. நான் கியரைப் போட்டேன். கிளட்சைப் பைய விட்டேன். வள்ளம் முன்னால் போனது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். உங்கள் தலைக்கு மேல் தண்ணீர் தெறித்தது. நான் செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஞ்சினிலிருந்து சூடாக வெளியே போன தண்ணீர் குளிர்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. டாப் கியரைப் போட்டபோது எஞ்சின் சத்தம் அப்படியே இறங்கி, களக்காட்டு ரோட்டில் ஓடுகிற மாதிரி நிதானமாகிவிட்டது. நீங்கள் திரும்பவே இல்லை. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்த முதுகு. அலையில் வள்ளம் தூக்கிப்போட்டபோதும் அது வளையவில்லை. வாந்தி வந்து நான் ஓரமாகக் குனிந்தபோது மிக்கேல் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டான். இனி கரைக்குத் திரும்பலாமா என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆனால் நல்ல கடலில் ஓடுவது பெரிய காரியமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். கச்சான் வரட்டும் என்றார்கள். கச்சான் வந்தது. அந்த வருஷம் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வந்தது. வள்ளியூரிலேயே என் கொட்டகை ஓலை பறந்தது. மேலே ஏறி அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். முற்பகல் நேரம். மீன் வேன் வந்து என் கொட்டகை முன்னால் நின்றது. முன் சீட்டிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். தலையில் கூடை இல்லை. டிரைவர் உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். விடிந்ததும் காற்று திரும்பிவிட்டது. பாய் வள்ளங்கள் கரைக்கு வர முடியாமல் கிழக்கே தள்ளிக்கொண்டு போயின. கரையில் பெண்கள் எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் அவர்களோடுதான் நின்றீர்கள். முதலில் சத்தம்தான் கேட்டதாம். பிறகு உங்கள் வள்ளம் தெரிந்தது, தனியாக இல்லை. மிக்கேல் இரண்டு பாய் வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு காற்றுக்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்தான். இரண்டாம் கியரில், முக்கி முனகி, ஆனால் ஒரு தடவைகூட நிற்காமல். ஆட்கள் எல்லாரும் பத்திரம். மூன்று வள்ளத்து மீனும் வேனுக்கு வந்துவிட்டது.

"இழுத்துட்டு வந்துட்டுதுடே உன் எஞ்சினு" என்றீர்கள். 

என் எஞ்சின் இல்லை, உங்கள் எஞ்சின் என்றேன் நான்.  காப்பி வாங்கித் தா என்றீர்கள். சந்தையைப் பார்த்துப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் காப்பி குடித்தோம். எனக்குப் புத்தி சொன்ன கடைக்காரர்களில் ஒருவர் வந்து உங்களிடம் விவரம் கேட்டார். நீங்கள் அவருக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள், பின்னால் போன கதையையும் விடாமல்.

மிக்கேல் தூத்துக்குடிக்குப் போகவில்லை. உப்பு தின்றுவிடும் என்று சொன்னவன்தான், ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து எஞ்சினைக் குழந்தை மாதிரித் துடைத்து எண்ணெய் பூசினான். வேறு யாரையும் தொடவிடமாட்டான். அதன்பிறகு உவரியிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஆட்கள் என் கொட்டகையைத் தேடி வந்தார்கள். பழைய கார் எஞ்சின் எங்கே கிடந்தாலும் வாங்கினேன். அண்ணாச்சி தண்டு கடைந்தார், கன்னார் விசிறி வார்த்தார். நீங்கள் சொல்லித்தான் போர்டையும் மாற்றி எழுதினேன்: 'கார், வேன், வள்ளம் எஞ்சின் வேலைகள் செய்யப்படும்.' கடலே கண்ணில் படாத ஊரில் வள்ளம் என்று போர்டு இருப்பதைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றீர்கள்.

ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டடமானது. உங்கள் வள்ளம் இரண்டானது. நீங்கள் கரையில் நின்று ஏலம் கூறுவதை நான் எத்தனையோ தடவை வந்து பார்த்திருக்கிறேன். பிறகு புதுவகை எஞ்சின்கள் வந்தன. தேவைக்கு நீங்களும் மாறினீர்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஓட வேண்டிய காலத்தில் அது ஓடியது.

நீங்கள் இறந்த செய்தியை மிக்கேல்தான் போனில் சொன்னான். ஓடி வந்தேன். கோயிலில் நான் கடைசி வரிசையில், வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மிக்கேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய், உங்கள் குடும்பத்து ஆண்கள் நின்ற முதல் வரிசையில் நிறுத்தினான். யார் என்று யாரோ கேட்டார்கள். மைனியோட தம்பி என்றான். கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது என் தோளிலும் பெட்டி இருந்தது.

எங்கள் ஊரில் நான் இன்னார் மகன். வள்ளியூரில் எனக்கு மெக்கானிக் என்று பேர். நல்ல மெக்கானிக் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். போன வாரம் மிக்கேலின் பேத்திக்குத் திருமுழுக்கு என்று உவரிக்கு வந்திருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும், எனக்கு முகம் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "நம்ம வள்ளக்கார அக்காவுக்கு எஞ்சின் வெச்சுக் குடுத்த ஆளு, இவங்கதான்."

சம்பாதித்தது எவ்வளவோ போயிற்று அக்கா. இந்தப் பேரை மட்டும் நான் நிமிர்ந்து நின்று சுமக்கிறேன்.